'எங்கே?' என்று கேட்பதோடு 'ஏன் அங்கே?' என்றும் கேளுங்கள்

பள்ளிப் புவியியல் பாடநூல்களை எழுதுகிறவர்களுக்கும், வினாத்தாள் அமைக்கிறவர்களுக்கும், வகுப்பில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் சமூக அறிவியல் சொல்லிக் கொடுப்பவள் நான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஓர் இடத்தின் பெயரைப் பிள்ளைகளிடம் கேட்கும்போதெல்லாம், அது ஏன் அப்படி இருக்கிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள். பாடத்திலும் கேளுங்கள், தேர்விலும் கேளுங்கள்.

இப்போது நடப்பது இதுதான். உலகிலேயே அதிக மழை பெறும் இடம் எது என்றால் மௌசின்ராம் என்று டாண் என்று பதில் வருகிறது. கடகரேகை இந்தியாவில் எத்தனை மாநிலங்கள் வழியாகப் போகிறது? எட்டு. பெயரையும் வரிசையாக ஒப்பிக்கிறார்கள். சரி, மௌசின்ராமில் ஏன் அவ்வளவு மழை என்று அடுத்த கேள்வி கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பதில் கடினமானது என்பதால் இல்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தோடு கிளம்பும் காற்று, வங்கதேசத்தின் தட்டையான சமவெளியில் தடுப்பார் யாருமில்லாமல் வடக்கே போகிறது. அங்கே மேகாலயாவின் காசி குன்றுகள் சுவர்போல் எழுந்து நிற்கின்றன. காற்று மேலேறித்தான் ஆகவேண்டும். மேலே போகப்போகக் குளிரும், குளிர்ந்தால் ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடும். அப்படித்தான் மௌசின்ராமில் ஆண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சில பத்து கிலோமீட்டர் தள்ளிக் குன்றின் மறுபக்கம் இருக்கும் ஷில்லாங்கில் அதில் கால்பங்குகூட இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதைக் கேட்ட பிள்ளை மௌசின்ராமை மறக்காது. மறந்தாலும் பரவாயில்லை; காற்று மலையில் மோதினால் என்ன ஆகும் என்பது நினைவில் இருந்தால் ஆண்டிஸ் மலைக்கும் அது உதவும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் உதவும்.

மழை என்ற பாடத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தடுமாறும் இடம் அதுதான். இந்தியாவின் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று பாடம் தொடங்குகிறது. ஒரு முறை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், ஜூன்லயிருந்து செப்டம்பர்வரைக்கும்தான் மழைக்காலம்னு போட்டிருக்கு. நமக்கு தீபாவளிக்குத்தானே மழை கொட்டுது?" அவள் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி! ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, புத்தகம் வேறு ஏதோ நாட்டைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளத்தை நனைத்துவிட்டுத்தான் நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அது வறண்ட காற்று. அதனால்தான் அந்த மாதங்களில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதி. அக்டோபரில் காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்காள விரிகுடாவின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கடற்கரையில் ஏறுகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. பெரும்பாலான புயல்களும் அப்போதுதான் வருகின்றன.

இதில் இரண்டு விதிவிலக்குகளைச் சேர்த்தால் பாடம் உயிர் பெற்றுவிடும். ஒன்று குற்றாலம். திருநெல்வேலியில் வெயில் காயும் ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் மட்டும் சாரல் அடிப்பது ஏன்? அங்கே மலைத்தொடர் தாழ்ந்து கொடுக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று ஈரத்தோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. இன்னொன்று பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த அந்த வாசல் வழியாகத்தான் கோயம்புத்தூருக்கு ஆடிக்காற்று வருகிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும் ஒரு கணவாயை நம்பித்தான். இந்த மூன்று இடங்களையும் வரைபடத்தில் மலைத்தொடரின் மேல் விரலை ஓட்டிக் காட்டினால் போதும், அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்: அப்போ ஆரவல்லி மலை இருந்தும் ராஜஸ்தானில் ஏன் மழை இல்லை? காற்று வரும் திசைக்கு ஆரவல்லி குறுக்கே நிற்கவில்லை, ஒட்டினாற்போல் கிடக்கிறது. தடுக்காத மலையால் மழை பெய்யவைக்க முடியாது.

என் கோரிக்கை இதுதான்: தமிழ்நாட்டில் எழுதப்படும் புத்தகத்தில், இந்தியாவின் காலநிலைக்கு முன்னால் தமிழ்நாட்டின் மழை வரட்டும். பிள்ளை நனைந்த மழையில் தொடங்கி அப்புறம் நாட்டுக்கும் உலகுக்கும் போகலாம். உலகத்திலிருந்து தொடங்கி ஊருக்கு வரும் வரிசை பெரியவர்களுக்கு ஒழுங்காகத் தெரியும், பிள்ளைகளுக்கு அது பிடிபடுவதில்லை.

அடுத்து வரைபடம். உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டிக் கண்டங்களின் பெயரைச் சொல்லித் தருகிறோம். அந்த வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. பழைய மெர்கேட்டர் வகை வரைபடம் என்றால் அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரிதாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல் 14 மடங்கு. நம் இந்தியாவே கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது. இந்தத் தகவலைக் கேட்டுப் பிள்ளைகள் நம்ப மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் இருப்பது பொய் சொல்லாது என்று அவர்கள் நினைக்கிறார்கள். உருண்டையான ஒன்றைத் தட்டையான தாளில் விரித்தால் எங்காவது இழுத்தே ஆகவேண்டும். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் கிழியாமல் விரிக்கச் சொல்லுங்கள், ஐந்தே நிமிடத்தில் விளங்கிவிடும். 1569-ல் மெர்கேட்டர் அந்த வரைபடத்தைப் போட்டது கப்பல் ஓட்டுகிறவர்களுக்காக. திசை மாறாமல் இருப்பதற்காகப் பரப்பை விட்டுக்கொடுத்தார். அவருடைய வேலைக்கு அது சரி. ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடப்போகும் நமக்கு அது சரிவராது.

பள்ளியில் உலக உருண்டை இருந்தால் பூட்டி வைக்காதீர்கள். தில்லியில் ஒரு விரலும் நியூயார்க்கில் ஒரு விரலும் வைத்து இடையே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் மேற்கே நேராகப் போகாது. வடக்கே ஏறி ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிப்போய்த்தான் இறங்கும். தட்டையான வரைபடத்தில் சுற்றுவழியாகத் தெரிவது உருண்டையில் குறுக்குவழி. அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்யும் ஒரு வரி உண்டு. இந்தியா வடக்கு தெற்காக 3,214 கி.மீ., கிழக்கு மேற்காக 2,933 கி.மீ. அதே பக்கத்தில் அட்ச, தீர்க்க எல்லைகளும் இருக்கும். கழித்துப் பார்த்தால் இரண்டுமே ஏறத்தாழ 30 பாகைதான். பாகை சமமாக இருக்கும்போது கிலோமீட்டர் ஏன் வேறுபடுகிறது? தீர்க்கக்கோடுகள் நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. இடைவெளியில் விலகி இருந்து, துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி, அங்கே ஒரே புள்ளியில் சேர்கின்றன. அதனால் நம் நாடு இருக்கும் அட்சக்கோடுகளில் கிழக்கு மேற்குப் பாகை கொஞ்சம் குட்டை. விடை அந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் இரண்டு எண்களையும் ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

நேரக் கணக்கும் அப்படித்தான். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். நம் திட்ட நேரம் 82°30' கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்தது. 82.5-ஐ நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி. 0° தீர்க்கக்கோடு செல்லும் கிரீன்விச்சைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் சூரியன் உதித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்கு முனையில் உதிக்கிறது என்பதையும் ஐந்தாம் வகுப்புப் பெருக்கலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இதையெல்லாம் மரத்தடியில் ஒரு குச்சியை வைத்தே காட்ட முடியும். சென்னையில் ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. கன்னியாகுமரியில் இந்த நாள்கள் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். தில்லியில் எந்த நாளிலும் இது நடக்காது. அது கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது; சூரியன் நேர் உச்சிக்கு வருவது அந்த ரேகை வரைக்கும்தான். ஏப்ரலில் தேர்வு நேரம். ஆகஸ்டில் பள்ளி நடக்கும், மேகம் மட்டும் கொஞ்சம் வழிவிட வேண்டும். அன்று சென்னையில் நிழல் மறைவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை, 12.13 வாக்கில். ஏன் இந்தப் பிந்தல் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சென்னை 82.5 பாகைக்கு மேற்கே இரண்டேகால் பாகை தள்ளி இருக்கிறது. நான்கால் பெருக்கினால் ஒன்பது நிமிடம். மீதி சில நிமிடங்கள் பூமியின் அச்சுச் சாய்வாலும் சுற்றுப்பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் வருபவை, அது மேல்வகுப்புக்கு இருக்கட்டும். கடகரேகை, அச்சுச் சாய்வு, திட்ட நேரம் மூன்றும் ஒரே குச்சியில் வந்து சேர்கின்றன. பாடநூலில் ஒரு பக்கம் ஒதுக்கி, மாவட்டவாரியாக நிழலில்லா நாள் பட்டியலைப் போட்டுக் கொடுங்கள். மற்றதை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கி.மீ. என்று நாம் எல்லோரும் படித்தோம். 1970-களின் கணக்கு அது. சில ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் அளந்தபோது 11,098.81 கி.மீ. வந்தது. தமிழ்நாட்டின் கடற்கரை 906.9-லிருந்து 1,068.69 கி.மீ. ஆனது. கடல் நீண்டுவிடவில்லை, அளவுகோல் நுணுக்கமானது. பெரிய அளவுகோலால் அளந்தால் சிறு வளைவுகளும் முகத்துவாரங்களும் தப்பிவிடும். நுணுக்கமாக அளக்க அளக்க நீளம் கூடும். பாடநூலில் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதிய எண்ணைப் போடுவதோடு நிறுத்திக்கொண்டால் அருமையான ஒரு பாடத்தைத் தூக்கிப் போட்டதாக ஆகும். தயவுசெய்து இரண்டு எண்களையும் அருகருகே போட்டு, ஏன் மாறியது என்று எழுதுங்கள். எந்த எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்த ஆண்டின் கணக்கு என்றும் போடுங்கள்.

எவரெஸ்ட்டின் உயரத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு, அது நம் ஊரில் தொடங்குகிறது. 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி பரங்கிமலைப் பக்கம் நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 12 கி.மீ. நீளக் கோடு ஒன்றை அளந்தார். அதை அடியாக வைத்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே போன அளவை, பல பத்தாண்டுகள் கழித்து இமயமலையை எட்டியது. ராதாநாத் சிக்தார் உள்ளிட்ட கணக்கர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்பதே தெரிந்தது. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 மீட்டர் என்ற எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு நடை இருக்கிறது. சென்னைப் பிள்ளைகள் மின்சார ரயிலில் பரங்கிமலையைத் தாண்டித் தினமும் போகிறார்கள். இது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இமயமலைப் பாடத்தில் டெத்திஸ் கடல் என்று ஒரு பெயர் வரும். இந்தியத் தட்டு (நிலத்தைச் சுமந்து நகரும் பெரும் பாறைப் பலகை) வடக்கே நகர்ந்து யுரேசியத் தட்டில் மோதி, இடையே இருந்த கடலின் அடித்தளப் படிவுகள் மடிந்து மலையாக எழுந்தன என்று இருக்கும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மோதல். பிள்ளைகளுக்கு இது கட்டுக்கதைபோல் கேட்கிறது. சில வீடுகளில் பூஜையறையில் சாளக்கிராமம் இருக்கும். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கருப்புக் கல். அதற்குள் சக்கரம்போல் சுருண்டு தெரிவது அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தின் ஓடு. மலை ஆற்றில் கிடைக்கும் கல்லுக்குள் கடல் உயிர் எப்படி வந்தது? கேள்வியை இப்படி வைத்தால் தட்டு நகர்வை விளக்க அரைமணி நேரம்கூட வேண்டாம்.

ஆறுகளைப் பற்றி ஒன்று மட்டும். காவிரி அரபிக்கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் குடகில் பிறந்தும் ஏறத்தாழ 800 கி.மீ. கிழக்கே நடந்து வங்கக்கடலில் கலப்பது ஏன்? பீடபூமி கிழக்கு நோக்கிச் சரிந்திருக்கிறது. நர்மதையும் தபதியும் ஏன் மேற்கே போகின்றன? அவை நிலம் பிளந்து இறங்கியதால் உண்டான பிளவுப் பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன. 'மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகள் இரண்டு தருக' என்பதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். 'காரணம் கூறுக' பகுதி வினாத்தாளில் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்கும் இரண்டு வரி விடை நோட்ஸில் தயாராக இருக்கிறது. பிள்ளைகள் காரணத்தையும் மனப்பாடம் செய்கிறார்கள். பாடத்தில் இல்லாத இடத்தைக் கொடுத்துக் காரணம் கேட்டால்தான் புரிந்ததா என்று தெரியும். ஊட்டி சென்னையைவிட நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தும் குளிர்வது ஏன் என்று பாடத்தில் படித்த பிள்ளையிடம், ஈக்வடாரின் கீட்டோ நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரம், அங்கே வெயில் கொளுத்துமா என்று கேளுங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று தெரிந்த பிள்ளை தானே கணக்குப் போட்டுவிடும்.

பாட வேளை போதவில்லை என்பது உண்மை. பல பள்ளிகளில் வரலாறு படித்தவரே புவியியலும் எடுக்கிறார், அதுவும் உண்மை. அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதனால்தான் காரணங்கள் ஆசிரியரின் நினைவை நம்பி இருக்காமல் புத்தகத்திலேயே இருக்க வேண்டும் என்கிறேன். பக்கம் கூடும் என்றால் பட்டியல்களைக் குறையுங்கள். எந்த மாநிலத்தில் எந்தக் கனிமம், எந்தத் துறைமுகத்துக்கு என்ன சிறப்புப் பெயர் என்பதையெல்லாம் அட்லஸில் பார்த்துக்கொள்ளலாம்.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழு கண்டங்கள், பெருங்கடல்கள், 28 மாநிலங்கள், 8 ஒன்றியப் பிரதேசங்கள், முக்கியமான ஆறுகள், மலைகள் ஆகியவற்றின் பெயர்கள் நாக்கு நுனியில் இருக்கவேண்டும். பெயரே தெரியாத இடத்தைப் பற்றி ஏன் என்று கேட்க முடியாது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கி சூயஸ் கால்வாய் ஆறு நாள் அடைபட்டபோது, சூயஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் மற்ற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க முடிந்தது. பெயர் முதல் படி. நாம் முதல் படியிலேயே பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த வினாத்தாளில் இடம் குறிக்கும் கேள்வியில் தொடங்கலாம். குறிக்க வேண்டிய இடங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, அதற்குரிய மதிப்பெண்ணுக்கு இப்படி ஒன்றைச் சேருங்கள்: 'நீங்கள் குறித்தவற்றில் ஏதேனும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள மழை, வெப்பம், தொழில், ஆற்றின் போக்கு ஆகியவற்றில் ஒன்றுக்கான காரணத்தை வரைபடத்தைப் பார்த்து எழுதுக.' விடைக்குறிப்பில் ஒரே விடையைக் கொடுக்காமல், பொருத்தமான எந்தக் காரணத்துக்கும் மதிப்பெண் தரலாம் என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி வினாத்தாளில் வந்துவிட்டால், அடுத்த ஜூனிலிருந்தே வகுப்பறையில் அட்லஸ் திறக்கும்.

அன்புடன்,
புவியியல் படிக்கும் பிள்ளைகளோடு மாலை நேரங்களில் உட்காரும் ஒருத்தி